நல்ல பல்லைப் பிடுங்கியவர்

மலேசியாவில், பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் புகார் கேட்கும் பிரிவில் எனக்கு வேலை. நாள் முழுக்கத் தொலைபேசியில் திட்டு வாங்குவேன். திருப்பி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு "சாரி சார்" என்பேன். நிஜமாகவே கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது அப்போது எனக்குத் தெரியாது.

வலது காதுக்கு முன்னால் வலி ஆரம்பித்தது. ரொட்டி சானாய் மென்றால் தாடையில் 'டக்'கென்று சத்தம் வரும். டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பல் மருத்துவரிடம் போனேன். ஓர் எக்ஸ்ரே எடுத்தார். இரண்டு நிமிடம் பார்த்திருப்பார்.

"கடைவாய்ப் பல்லு சரியில்லே. எடுத்துட்டா சரியாயிரும்."

எடுத்தார். வலி போகவில்லை. மூன்று வாரம் கழித்துப் பக்கத்துப் பல்தான் காரணம் என்றார். படித்தவர் சொல்கிறாரே என்று அதையும் கொடுத்தேன். அன்று வெகுநேரம் என் வாயைப் பிளந்து வைத்திருந்தார். மறுநாள் காலையில் வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது.

என் கணவர் சிரித்தார். "நல்லதுலா. வீடு கொஞ்ச நாளு அமைதியா இருக்கும்."

கஞ்சியை ஸ்ட்ராவில் உறிஞ்சிக் குடிப்பவளிடம் பேசும் பேச்சா அது? அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பழைய எக்ஸ்ரேயைக் கிளினிக்கில் கேட்டு வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். என் இரு கன்னத்திலும் விரல் வைத்துக் கடிக்கச் சொன்னார். தசை கல்லாக எழும்பியது. உயிர் போகிற வலி.

"பல்லு இல்லேக்கா, இதுதான் வலிக்குது. கடிச்சுக் கடிச்சுத் தசை இறுகிப்போச்சு. தாடை மூட்டுக்குள்ள சின்னதா ஒரு தட்டு இருக்கு. அது முன்னால நழுவி நிக்குது. அதான் வாய் திறக்கல."

பிறகு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த ரெண்டு பல்லையும் ஏன் எடுத்தாங்க?"

"கெட்டுப்போச்சுன்னாங்க."

எக்ஸ்ரேயை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "இதுல நல்லாத்தான் தெரியுதுக்கா."

வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி, தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள ஓர் அச்சு. இரண்டு மாதத்தில் வாய் மூன்று விரல் அளவுக்குத் திறந்தது. திறந்ததும் நேராக அந்தக் கிளினிக்குக்குத்தான் போனேன்.

"டாக்டர், என் பல்லு ரெண்டுலயும் என்ன கோளாறு?"

"வலிக்குதுன்னு நீங்கதானே வந்தீங்க?"

"வலிக்குதுன்னு வந்தேன். பிடுங்குங்கன்னா வந்தேன்?"

"மெதுவா பேசுங்க, வெளியே பேஷண்ட்ஸ் இருக்காங்க."

"அவங்களுக்குக் கேக்கணும்னுதான் பேசுறேன்."

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே காத்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கன்னத்தில் கை வைத்திருந்த ஓர் அம்மா எழுந்து போய்விட்டார். டாக்டர் வாயிலிருந்து மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. கணினியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சுகாதார அமைச்சுக்கு எழுத்து மூலமும் புகார் கொடுத்தேன். கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. மாதா மாதம் போன் செய்து கேட்கிறேன். எடுக்கும் பெண் "சாரி மேடம்" என்கிறாள். அவளைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.