மகளை முந்திக்கொண்டு நான் சொன்ன பதில்

மருத்துவர் என் மகளிடம் கேட்ட கேள்விக்கு நான் பொய் சொன்னேன். என் கணவருக்குக்கூட இது தெரியாது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

எஸ்தருக்கு அப்போது இருபது வயது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே அவளும் பேக்கிங்கில் சேர்ந்திருந்தாள். சில மாதங்களுக்குள் அவள் தாடையில் கருகருவென்று முடி முளைத்தது. மாதவிலக்கு நின்றது. குரலும் தடித்துப்போனது. கம்பெனி பஸ்ஸில் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு, யாரோடும் பேசாமல் வருவாள்.

"யம்மா, டாக்டராண்ட போலாம்மா. எனுக்கு பயமா கீது" என்று அவள்தான் கெஞ்சினாள்.

பொன்னேரியில் ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். மருத்துவர் பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்ததும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். எஸ்தருக்குப் பேசி வைத்திருந்த மீஞ்சூர் மாப்பிள்ளையின் சித்தி அவள்!

"ஹார்மோன் கோளாறுல நிறைய பொண்ணுங்களுக்கு இப்படி வருது. பெரும்பாலும் மாத்திரையில அடங்கிடும்" என்றார் மருத்துவர். "மாசாமாசம் சரியா வருதா? குரல் எதுவும் மாறிச்சா?"

முகத்து முடியையாவது மாப்பிள்ளை வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள். பிள்ளை பெறமாட்டாள் என்று சந்தேகம் வந்தால்?

எஸ்தர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அதெல்லாம் கரெக்டா வந்துக்கினுதான் கீது டாக்டர். குரல் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்... பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். ஆனாலும் மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கல்யாணம் முடியட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன்.

அவள் நல்லதுக்குத்தான் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. சர்ச்சில் நாலு பேர் என்னைக் குறைவாகப் பார்ப்பார்களே என்ற பயம்தான்.

கல்யாணமும் நடக்கவில்லை. போனில் அவள் குரலைக் கேட்டு மாப்பிள்ளை ஒதுங்கிக்கொண்டான். அடுத்த வருடம் வயிற்றுவலியில் துடித்தவளைச் சென்னைக்குக் கொண்டுபோனோம். சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் சுரப்பியில் கட்டி. அபூர்வமாக வருவதாம். ஆண் ஹார்மோனைச் சுரந்தது அதுதான். ஈரலுக்கும் பரவியிருந்தது. அன்றே பார்த்திருந்தால்...

"குரல் மாறினதையும் மாதவிலக்கு நின்னதையும் அப்பவே பொன்னேரி டாக்டர்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று பழைய சீட்டைப் பார்த்துவிட்டு அங்கிருந்த மருத்துவர் அவளைக் கேட்டார்.

என் கணவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். எஸ்தர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தான் டாக்டர், வெக்கப்பட்டுக்கினு சொல்லாம வுட்டுட்டேன்."

"நின்னுபோனத உங்கம்மாவாண்டயாவது சொல்லிருக்கலாமேம்மா" என்று என் கணவர் அழுதார்.

அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

இனி வலிக்கு மட்டும்தான் மருந்து. படுக்கையிலேயே கிடக்கிறாள். தாடையில் முடி வளர்வது மட்டும் நிற்கவில்லை. காலை ஷிப்டுக்குப் புறப்படும் முன் நான்தான் மழித்துவிடுகிறேன். பஸ்ஸைத் தவறவிடுவேனோ என்று நான் அவசரப்படும்போது அவள் கண்ணைத் திறக்காமலே சொல்கிறாள்:

"மெதுவா பண்ணும்மா. டைம் கீது."