வாசிக்காத மூன்றாம் ஓலை

புதிதாக ஆயர் பட்டம் பெற்று வருகிறவர்கள் என்னிடம் பிரசங்கத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுவதைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. என் ஊழியத்தில் நான் தலைகுனிந்து நின்றது ஒரு கையெழுத்தால்தான்.

அப்போது பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு தமிழ்ச் சபைக்கு நான் ஆயர். ஒரு புதன்கிழமை காலை, ஆலய அலுவலகத்துக்கு ஓர் இளம்பெண் வந்தார். பெயர் சுமதி. ஆனேக்கலில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். கையில் ஒரு கல்யாணப் பத்திரிகை, பிளாஸ்டிக் கவரில் ஒரு தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், உங்க சர்ச்சுல மூணு ஞாயித்துக்கிழமை பேர் படிப்பீங்களாம். ஆட்சேபம் இருந்தா எந்திரிச்சு சொல்லலாம்னு என் ஃப்ரெண்டு சொன்னா. போன ஞாயித்துக்கிழமை அதுக்குத்தான் பஸ் புடிச்சு வந்தேன். என்ன பேசணும்னு வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். நீங்க படிக்கவே இல்ல. சரி, கல்யாணம் நின்னுடுச்சு போலன்னு நிம்மதியா திரும்பிட்டேன். இப்ப பாத்தா நாளைக்கு ஓசூர்ல கல்யாணமாம்!"

கவரில் இருந்தது பதிவுத் திருமணச் சான்றிதழ். இரண்டு வருடம் முந்தையது. கணவர் பெயர் இருந்த இடத்தில் எங்கள் சபைச் செயலாளர் ஜெபராஜின் மகன் பெயர். மறுநாள் ஓசூரில் மாப்பிள்ளையாக நிற்க வேண்டியவனும் அவன்தான்.

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை ஆராதனையில் அறிவிப்போம். ஓலை வாசிப்பது என்போம். பெண் வேறு சபையென்றால், 'மூன்று முறை வாசிக்கப்பட்டது, ஆட்சேபணை இல்லை' என்று மாப்பிள்ளையின் சபை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த மூன்றாம் ஞாயிறு பேராயர் வந்திருந்தார். ஆராதனை இழுத்துக்கொண்டே போனது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். பேராயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நான் ஓலைத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை அந்தச் சர்டிபிகேட் கேட்டு ஜெபராஜ் ஆள் அனுப்பினார். அலுவலக எழுத்தர் மெர்சி தயங்கினார்.

"ஐயா, மூணாவது ஓலை வாசிக்கலையே. எப்படி ஐயா மூணுன்னு டைப் பண்றது?"

"ரெண்டு தடவை வாசிச்சப்ப யாரும்மா எந்திரிச்சா? செயலாளர் வீட்டுக் கல்யாணம். நீ டைப் பண்ணு, நான் கையெழுத்துப் போடறேன்ல?"

போட்டேன்.

புதன்கிழமை, சுமதி எதிரே நிற்க, ஓசூர் ஆயருக்கு ஃபோன் செய்தேன். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள், என் சான்றிதழ் செல்லாது என்றேன். கல்யாணம் நின்றது. மூன்றாம் ஓலையைப் பற்றி மட்டும் அவரிடம் மூச்சுவிடவில்லை.

சனிக்கிழமை கமிட்டி கூடியது. மகனின் பதிவுத் திருமணம் தனக்குத் தெரியவே தெரியாது என்றார் ஜெபராஜ். நம்பினேன், மனிதர் நான்கு நாளில் பாதியாகியிருந்தார். ஆனால் கோபம் எங்காவது இறங்க வேண்டுமே.

"அன்னைக்கே வாசிச்சிருந்தா அந்தப் பொண்ணு அங்கயே சொல்லியிருக்கும். ஊரைக் கூட்டி எங்க மானம் போயிருக்காது. வாசிக்காம சர்டிபிகேட் எப்படிப் போச்சு? டைப் பண்ணவங்கதானே பாக்கணும்? பேராயர் வந்த அவசரத்துல ஐயா மறந்திருப்பாரு, இவங்களை நம்பிக் கையெழுத்துப் போட்டிருப்பாரு. மெர்சியை நிறுத்திடலாம். அப்படித்தானே ஐயா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கதவோரம் ஆராதனைப் பதிவேட்டை அணைத்தபடி மெர்சி நின்றிருந்தார். அவர் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தலையை லேசாக ஆட்டினேன். இத்தனை வருடம் கழித்தும் இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஜெபராஜ் அடுத்த பொருளுக்குப் போகத் தாளைப் புரட்டினார்.

"நான் போலாமா ஐயா?" என்றார் மெர்சி. செயலாளரிடம் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இரும்மா," என்றேன். "மெர்சி சொன்னாங்க, வாசிக்கலன்னு. நான்தான் டைப் பண்ணச் சொன்னேன். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். இப்ப தலையாட்டினதும் தப்பு."

ஜெபராஜ் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, இது இந்த ரூமோட இருக்கட்டும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். சபை பேரு கெட்டுடும்."

"கெடுத்தவன் நான்தானே. நாளைக்கு நானே சொல்லிடறேன்."

மறுநாள், வழக்கமாக ஓலை வாசிக்கும் நேரத்தில், சபை முன்னால் சொன்னேன். பேராயருக்கும் எழுதினேன். ஆறு மாதம் என்னைப் பொறுப்பிலிருந்து நிறுத்தி வைத்தார். ஆனேக்கலுக்குப் போய் சுமதியிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவர் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

இவற்றையெல்லாம்விட என்னைச் சுட்டது, அந்தச் சனிக்கிழமை கூட்டம் கலைந்த பிறகு நடந்தது. மெர்சி பதிவேட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். அந்த ஞாயிற்றுக்கு நேரே அவர் கைப்பட எழுதியிருந்தது: 'மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. ஆயரிடம் தெரிவிக்கப்பட்டது.'

"இதை அங்கயே காட்டியிருக்கலாமேம்மா?"

"காட்டத்தான் கொண்டாந்தேன். போலாமான்னு கேட்டேன்ல? அதுக்கும் நீங்க சும்மா இருந்திருந்தா திறந்திருப்பேன் ஐயா."

ஆயர் துணிந்து உண்மையைச் சொன்னார் என்று அந்தச் சபையில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். மெர்சி கொடுத்த அவகாசத்தில் சொன்னேன் என்பதுதான் சரி. உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் 'எப்படி ஐயா?' என்று தயங்குவார். அந்த இடத்திலேயே பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.