முள் மூடிய சுனை

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய தண்ணீர் பாட்டிலின் மூடி, திருகியதும் சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது. குழாய்த் தண்ணீரைப் பிடித்து விற்றிருக்கிறான் என்று அப்படியே சாக்கடையில் ஊற்றிவிட்டேன். வேறு கடையில் வாங்கச் சொன்னாள் மனைவி. "எல்லாம் ஒரே கூட்டம்தான்" என்றேன்.

அந்த வீறாப்பு பெருமுக்கல் மலையில் அடங்கியது. சித்திரை வெயில். உச்சிக் கோயிலைப் பார்த்துவிட்டு, படியை விட்டுப் பின்பக்கப் பாறை வழியாக இறங்கலாம் என்றது நான்தான். பாதியில் மனைவி உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. "ஏங்க, கண்ண இருட்டிக்கினு வருது" என்றாள்.

தண்ணீர் தேடி ஓடினேன். ஒரு பாறை இடுக்கை வேலிக்காத்தான் முள்ளால் அடைத்திருந்தார்கள். இழுத்துப் போட்டால், உள்ளே சுனை. அடி மணல் வரை தெரிந்தது. அள்ளிய கை அப்படியே நின்றுவிட்டது. நல்ல தண்ணீரை எவனாவது முள் போட்டு மூடுவானா?

"குடிங்க சார், ஒண்ணும் ஆவாது. நாங்க குடிக்கிறதுதான்." ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் பின்னால் நின்றிருந்தார்.

"நீ மொதல்ல குடிம்மா."

முகம் சுளிக்காமல் இரண்டு கை அள்ளிக் குடித்தார். அது தொண்டையில் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் மனைவியைத் தாங்கிக் கூட்டிவந்தேன். குடித்துக் கொஞ்ச நேரத்தில் அவள் முகம் தெளிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நானும் வயிறு முட்டக் குடித்தேன்.

அந்த அம்மா மட்டும் நகரவில்லை. ஆடுகள் நெருங்கி வந்தன; அவர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"ஜல்தி கெளம்பு, இவ எதையோ நோட்டம் பாத்துக்கினு நிக்கிறா" என்று மனைவியிடம் கிசுகிசுத்தேன். அந்த அம்மாவுக்குக் கேட்டிருக்கும்.

கொஞ்சம் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். சுனையில் வாய் வைக்க வந்த ஆட்டை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, மறு கையால் முள்ளை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

"இத்துக்குத்தான் நின்னாங்களா?" என்றாள் மனைவி. "முள்ள எடுத்தது நீங்கதானே?"

மூடிவைப்பேனா என்று பார்க்கத்தான் நின்றிருக்கிறார். என்மேல் அவருக்கு வந்த சந்தேகம் சரியாகவே இருந்தது.