தேவராஜ் மாமா சொன்ன சாட்சி

என் அக்கா யுவராணியின் கணவர் தேவராஜ் பொய் சொல்லாதவர். இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் மற்றவர்கள் பாடு என்ன என்பது எங்களுக்குத் தெரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் வெல்டர். தான் வைத்த வெல்டிங் பற்று ஒன்று சரியில்லை என்று தோன்றியதால், லாரியில் ஏற்றிவிட்ட சரக்கை அவரே போய் நிறுத்தியிருக்கிறார். மொத்த ஷிஃப்டும் நின்று மறுபடி வேலை செய்தது.

"யோவ் அல்லேலூயா, உன்னிய யாருய்யா கேட்டாங்க? வாயை மூடிகினு கீறதுக்கு உங்க வேதத்துல ஒரு வரிகூட இல்லியா?" என்று கூட வேலை செய்யும் உலகநாதன் கத்தினாராம்.

"யாரும் கேக்கலண்ணா. கர்த்தர் பாத்துகினு கீறாரு."

முன்பு அவர் பெயர் துலுக்கானம். அம்மன் பெயர். குடித்துவிட்டு அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் தண்டவாளத்தில் விழுந்து கிடந்தவரை, பாஸ்டர் செல்வகுமார் தூக்கி வந்து தன் வீட்டில் படுக்க வைத்தார். பதினான்கு வருடம் முன்பு நடந்தது அது. அதன்பிறகு மாமா ஒரு சொட்டு குடிக்கவில்லை. திருநின்றவூர் ஏரியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து வேறு பெயரோடு ஏறி வந்தார். "அம்மன் பேரை வுட்ட, சரி. பெத்த அம்மா பேராவது ஞாபகம் கீதா?" என்று அவருடைய அக்கா அங்கம்மா இன்றும் கேட்பாள். பழைய பெயரில் கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை.

பாஸ்டரின் சபையில் டி.வி.யும் நகையும் கூடாது; வீட்டிலிருந்து டி.வி. போனது. அக்காவின் மூக்குத்தியும் தாலியும் போயின. பக்கத்து வீட்டில் சாமிக்குப் படைத்த பொங்கலைக் கொடுத்தால், அக்கா வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டு, அவர் பார்ப்பதற்குள் மாட்டுக்கு வைத்துவிடுவாள். ஆனால் குடித்துவிட்டு அவளை அடிப்பது நின்றிருந்தது. "மூக்குத்தி போனா போவுதுடா தம்பி, மூக்கு கீது இல்ல" என்று என்னிடம் சொன்னாள்.

மூன்று வருடம் முன்பு மாமாவுக்குச் சர்க்கரை வந்தது. முதலில் மாத்திரை போட்டார். சென்ற ஆண்டு சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் நடந்தபோது தலையிலிருந்து கால்வரை சூடு இறங்கியதாக உணர்ந்தார். வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவைக் குப்பையில் போட்டார். விடும்படி பாஸ்டர் சொல்லவில்லை. மாமா தானே எடுத்த முடிவு.

"சுகம் குடுத்தாருன்னு வாயால சொல்லிட்டு மாத்திரையும் போட்டா, நான் யாரை ஏமாத்துறேன்?"

அன்று அக்கா எனக்குப் போன் செய்தாள். நான் தோஹாவில் இருக்கிறேன். "மாத்திரையைத் தூள் பண்ணா வேலை செய்யுமாடா? நீதான் இங்கிலீஷ்ல பாத்துச் சொல்லுவியே."

பார்த்தேன். மருந்தின் பெயரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மெதுவாகக் கரையும் வகை என்றால் பொடிக்கக் கூடாது, இது சாதாரண வகை, பொடிக்கலாம் என்று சொன்னேன். காலையில் கேழ்வரகுக் கஞ்சியிலும், இரவு பாகற்காய் குழம்பிலும் மாத்திரை போனது. கசப்பைப் பற்றி மாமா ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு மனிதரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன்.

தொண்ணூறாவது நாள் அவர் போய் ரத்தம் கொடுத்து வந்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்றெட்டு.

ஞாயிற்றுக்கிழமை சபையில், கர்த்தர் செய்ததை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்த வீடியோ எனக்கும் வந்தது. தகரக் கொட்டகை, நீலத் திரை, ஓரத்தில் கீபோர்டு. "ஒரு மாத்திரை போடல. தொண்ணூறு நாள். நான் பொய் சொல்றவன் இல்லன்னு உங்களுக்குத் தெரியும்" என்றார். அதுதான் எல்லோரையும் அசைத்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மாத்திரை போட்டிருப்பார்கள். சொன்னது தேவராஜ். பெண்கள் பக்கத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த அக்காவும் தட்டுகிறாள்.

அவளுக்கு முன்னால் இருந்தவர் ராஜம்மா. ஸ்டேஷன் அருகே இட்லிக் கடை போட்டிருந்தவர், தினமும் இரண்டு வேளை இன்சுலின் போடுகிறவர். திரும்பி அக்காவின் கையைப் பிடித்து, "குடுத்து வெச்சவடி நீ" என்றார்.

அந்த வாரமே ஊசியை நிறுத்திவிட்டார். புதன்கிழமை ஜெபத்தில் அதை அவர் வாயாலேயே கேட்ட அக்கா, ஜெபம் முடிந்ததும் அவரிடம் போயிருக்கிறாள்.

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுகினு வுடுங்கக்கா."

"உன் ஊட்டுக்காரரு கேட்டாரா?"

அக்கா எனக்குப் போன் செய்தாள். "சொல்லிடட்டுமாடா?"

மாமா என்ன செய்வாரோ, மறுபடி குடிப்பாரோ, அக்காவை அடிப்பாரோ என்றெல்லாம் எனக்கு ஓடியது. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறு, யோசிக்கலாம்" என்றேன். சனிக்கிழமை மத்தியானம் ராஜம்மா மூச்சு வாங்கி, கடையிலேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்த அன்று, பொடித்த குழவியையும் மாத்திரை அட்டையையும் மாமாவின் முன்னால் வைத்தாள் அக்கா. அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"என்னிக்குலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து."

"தொண்ணூறு நாளும்?"

"தொண்ணூறு நாளும். சாவடிக்கிறதுன்னா இப்பவே சாவடிச்சுடு."

அவர் கையை ஓங்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனார். ராஜம்மாவின் மகன் கோபி அங்கேதான் வண்டி ஓட்டுகிறான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

கோபி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டான். பிறகு, "அண்ணே, ஊசியைத் தூக்கிப் போட்டப்போ எங்கம்மா மூஞ்சில ஒரு சிரிப்பு இருந்துச்சு. விசுவாசத்துல செத்தாங்கன்னு நெனச்சுகினு கீறேன். அதையும் நீ புடுங்கிகினு போவாத" என்றான்.

மாமா பாஸ்டரிடம் போனார். பாஸ்டர் செல்வகுமார் உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டார். அவர் கெட்டவர் அல்ல; ராஜம்மாவின் சவப்பெட்டியை அவரும் ஒரு பக்கம் தூக்கினார். கடைசியில், "பிரதர், இது உங்க குடும்ப விஷயம். சபையில சொன்னா புதுசா வந்தவங்க இடறிப் போவாங்க" என்றார்.

"நான் சாட்சி சொன்னது சபையிலதான், ஐயா. ஊட்ல இல்ல."

அந்த ஞாயிறு அவருக்கு நேரம் கொடுக்கவில்லை. அவராகவே எழுந்து நின்று, "நான் சொன்னது பொய்" என்று ஆரம்பித்தார். கீபோர்டு தொடங்கியது. எல்லோரும் எழுந்து கைதட்டிப் பாட, அவர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்ததாம். அடுத்த வாரம், மனந்திரும்பும்வரை வீட்டிலேயே ஜெபிக்கும்படி சொல்லி அனுப்பினார்கள்.

நான் இரண்டு வாரம் விடுப்பு எடுத்து ஊருக்கு வந்தேன். ஞாயிறு காலை எட்டரை மணிக்கு மாமா வெள்ளைச் சட்டையோடு சபையின் கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே போகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்தினார். "நான் மாத்திரை சாப்பிட்டுகினுதான் இருந்தேன். எனக்கே தெரியாது. நீங்க வுட்றாதீங்க." சிலர் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். "இன்னா பிரதர், பிசாசு புடிச்சுகிச்சா?" என்று ஒருவர் சிரித்தார். ஹேமாவதி என்ற பெண் மட்டும் திரும்பி வந்து, எந்த மாத்திரை என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டு போனாள்.

ஆனால் வீட்டில் அவர் தனி அடுப்பு வைத்திருந்தார். தனிச் சட்டி, தனி டம்ளர், பூட்டு போட்ட அரிசி டப்பா. அக்கா கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. மாத்திரையும் இல்லை. பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது. வெல்டிங் பொறி பட்ட இடது கால் விரல் ஆறாமல் கறுத்திருந்தது.

"ஊரையெல்லாம் மாத்திரை போடச் சொல்றீங்க மாமா. நீங்க?"

"அவங்க பொய் சொல்லலியே."

"நீங்களும் தெரிஞ்சு சொல்லலியே."

"தெரியாம வெச்ச வெல்டிங் பத்து வுட்டுகிச்சுன்னா வண்டி கவுறாதா?" என்றார். "மாத்திரை இல்லாம சுகம்னு கர்த்தர் பேர் வெச்சு சொன்னேன்டா. ஒண்ணு, அவரு அதை நெசமாக்கணும். இல்லன்னா அந்தம்மா சாவுக்கு நான் பதில் சொல்லணும். நடுவுல மாத்திரைக்கு இன்னா வேலை?"

படித்தது, பார்த்தது எல்லாவற்றையும் இரண்டு மொழியிலும் சொல்லிப் பார்த்தேன். டாக்டரைப் போனில் பேச வைத்தேன். மாமா மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "நன்றிங்க சார்" என்று வைத்துவிட்டார். பொடிக்கலாம் என்று சொன்னது நான்தான் என்று தெரிந்தும் என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் தோஹாவுக்குத் திரும்பி வந்து ஏழு வாரம் ஆகிறது. ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்கிறேன். விரலில் இப்போது வாடை வருகிறதாம். ஆஸ்பத்திரி என்றால் கதவைத் தாழிட்டுக்கொள்கிறாராம். சென்ற ஞாயிறு செருப்புப் போட முடியாமல் துணி சுற்றிக்கொண்டு கிளம்பியவர் பின்னால் அக்காவும் போயிருக்கிறாள். கேட்டருகே, அவருக்கு நான்கடி தள்ளி நின்று, வருகிறவர்களிடம் சொல்லியிருக்கிறாள்:

"கலந்தது நான்தாம்மா. போய் உங்க மாத்திரையைப் போடுங்க."

அவர் அவளைப் பார்க்கவில்லையாம். போகச் சொல்லவும் இல்லையாம். வெயில் ஏறியதும் இருவரும் ஒரே ஆட்டோவில் வீட்டுக்கு வந்து, அவரவர் அடுப்பைப் பற்ற வைத்தார்கள்.