இடக்கைச் சட்டை

பிளேடின் முனை ஒவ்வொரு தையலாகத் தூக்கி அறுத்தது. விரல்கள் அவசரப்படவில்லை. கனத்த வெள்ளைத் துணி அது. இழுத்துப் பிரித்தால் தையல் ஓட்டைகள் கிழிந்து பெரிதாகிவிடும். இடது விலாவில் இருந்த ஜிப் முழுதாகக் கழன்று வந்ததும் அந்தக் கைகள் சட்டையைப் புரட்டி, வலது விலாவின் மூட்டைத் தேடின.

வாள்வீச்சுக்காரர்கள் போடும் சட்டை. வாள் பிடிக்கிற பக்கம்தான் எதிராளியைப் பார்த்து நிற்கும் என்பதால் அங்கே திறப்பு இருக்கக் கூடாது. அந்தப் பக்கக் கக்கத்தில் இரட்டைத் துணி வேண்டும். வலக்கைச் சட்டையை இடக்கைக்கு மாற்றுவதென்றால் இரண்டையும் பக்கம் மாற்ற வேண்டும். கொச்சி மட்டாஞ்சேரியில் பள்ளிச் சீருடை தைத்தே பிழைத்த சீனியம்மாளுக்கு அது பெரிய வேலையில்லை. கஷ்டம் வேறு. சட்டை மகள் பொன்மணியுடையது. போட்டுக்கொள்ளப் போகிறவள் ரஜிதா.

மாநில அணித் தேர்வில் பொன்மணியைக் கடைசிப் புள்ளியில் தோற்கடித்தவள் இந்த ரஜிதா. இடக்கைக்காரி. பொன்மணி மறைக்காமல் விட்ட பக்கத்திலிருந்து வந்து மணிக்கட்டைத் தொட்டாள், புள்ளி விளக்கு எரிந்தது. ஜூனியர் வயதில் பொன்மணிக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. பள்ளியில் தொடங்கி ஏழு வருஷம் ஆடியவள், அடுத்த மாதமே வெலிங்டன் தீவில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ரஜிதாவின் சட்டை நைந்துபோனதைக் கேள்விப்பட்டு, மாநில அணி முகாமில் பழகத் தன்னுடையதைத் தருகிறேன் என்றவளும் அவளேதான்.

தேர்வு முடிந்த அன்று, வாள் முனையின் கடுகளவு திருகாணியைப் பொன்மணி இடது கையால் முடுக்கிக்கொண்டிருந்ததைப் பயிற்சியாளர் ரமேஷ்பாபு பார்த்துவிட்டு, கூட வந்திருந்த சீனியம்மாளிடம் கேட்டார்.

"இவ இடங்கையா சேச்சி? இத்தனை வருஷமா எங்கிட்ட ஆரும் பறஞ்சில்லையே."

பொன்மணி சிரித்தாள். "இடங்கையால சோறு அள்ளுனா எங்கம்மா விடுமா சார்? கவுன் கையையே தச்சு மூடிருச்சு."

உண்மைதான். மகளின் நாலு வயதில், ஒரு கல்யாணப் பந்தியில் நாத்தனார் முகம் சுளித்தாள் என்பதற்காக, கவுனின் இடது கை முனையைப் பைபோலத் தைத்துவிட்டாள் சீனியம்மாள். குழந்தை அந்தப் பையை ஆட்டிக்கொண்டே கொஞ்ச நாள் திரிந்தது. பிறகு வலது கையால் சாப்பிட்டது, எழுதியது, வாளும் பிடித்தது. நல்ல காரியம் செய்ததாகவே அவள் எண்ணியிருந்தாள். இந்த ஆட்டத்துக்கு இடக்கைப் பிள்ளைகளைத் தேடித் திரிகிறோம் என்று ரமேஷ்பாபு சொன்னபோது சட்டென அவளுக்குப் பிடிபடவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது பிடிபட்டது.

ஜிப் பக்கம் மாறியது, கக்கத் துணியும் மாறியது. உடம்பளவை மட்டும் சீனியம்மாள் தொடவில்லை.

"ஒரு தடவை நீ போட்டுப் பாரேன் புள்ள."

பொன்மணி போட்டாள். இடது கையை நீட்டி, முழங்காலை மடக்கி நின்றாள். அழகாகத்தான் நின்றாள். முன்னே அடி வைத்தபோது கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போயின; சிரித்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"இனிப் படிச்சா வராதா?"

"வரும்மா. ரஜிதா பன்னெண்டு வயசுல நின்ன எடத்துல நான் இப்பப் போய் நிக்கணும்." கழற்றித் தாயின் மடியில் வைத்தாள். "இது எனக்குல்ல சரியா இருக்கு? அவ ஒல்லி. ரெண்டு பக்கமும் பிடிச்சுக் குடு."

மறுநாள் பிடித்தாள். பின்னாளில் பிரித்துவிடத் தோதாக உள்ளே துணி விடுவது அவள் வழக்கம். இதில் விட்டால் கக்கத்தில் தடித்து உறுத்தும். கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு அதையும் வெட்டிவிட்டாள்.

சாயங்காலம் ரஜிதா இடக்கொச்சியிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். உள்ளே வரக் கூசி வாசலிலேயே நின்றாள். பொன்மணி வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. சீனியம்மாள் சட்டையை மடித்து எடுத்து வந்து அவளிடம் கொடுத்தாள்.

"வேர்வையோட சுருட்டி வைக்காத மோளே, ஜிப்பு துருப்பிடிச்சுரும்" என்று மட்டும் சொன்னாள்.