லிங்கராஜுக்குப் பரிமாறியவள்

தூத்துக்குடி மில்லர்புரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அனுசியாவிடம் ஓசியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வாங்கிவிட முடியாது. எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டாள் என்று தெருவே சொல்லும். ஆனால் அதே அனுசியாதான், இலங்கையிலிருந்து படகேறி வந்து முகாமில் கிடந்த தவமலருக்குக் கடையின் பின்னறையைக் கொடுத்து, "வாடகையப் பத்தி வாயத் தொறந்தியோ, துணிய எடுத்து ரோட்டுல போட்டுருவேன்" என்றவள். தவமலர் காலையில் இடியாப்பம் அவித்துக் கடை வாசலில் விற்பாள். முப்பது வருஷத்துக்கு மேலாயிற்று. இரண்டு பேரும் பகலெல்லாம் சண்டை போடுவார்கள், சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள்.

அனுசியாவின் புருஷன் லிங்கராஜ் பட்டாளத்துக்காரன். எண்பத்தேழில் அமைதிப்படை என்று இந்தியா இலங்கைக்கு அனுப்பிய படையில் அவனும் போனான். அந்த வருஷமே ஐப்பசியில் யாழ்ப்பாணத்துச் சண்டையில் செத்தான். அப்போது அனுசியாவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. உடல் வரவில்லை, ஆத்தூரில் இருந்த அவன் வீட்டுக்கு ஒரு தகரப்பெட்டிதான் வந்தது. மாலை வாங்கி வர ஆளில்லை, சுவரில் ஒட்ட ஒரு போஸ்டர் இல்லை. "அங்கன போயி நம்ம சனத்தையே சுட்டவந்தான" என்று குழாயடியில் ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடவா முடியும்? யூனிபாரம் போட்ட படத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்து கடை போட்டாள். பிற்பாடு கார்கிலில் செத்தவர்களை ஊரே திரண்டு பூப்போட்டுத் தூக்கிப்போனதை டிவியில் பார்த்தபோது வயிறு எரிந்தது. அவனும் அதே சட்டையைத்தானே போட்டிருந்தான்!

தவமலரின் மகன் துஷ்யந்தன் செத்ததும் அதே ஐப்பசியில்தான், அதே யாழ்ப்பாணத்தில்தான். ஆறு வயது. முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தவன் மேல் குண்டு விழுந்தது. எந்தப் பக்கத்துக் குண்டு என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு பேருக்கும் மற்றவள் கதை தெரியும். ஆனால் ஒரு நாளும் அதைப் பேசியதில்லை. பேசாததால்தான் ஒரே கூரைக்கடியில் இருக்க முடிந்தது என்று நான் சொல்லுவேன்.

தவமலர் வந்த முதல் ஐப்பசி அமாவாசைக்கு அனுசியா லிங்கராஜுக்கு இலை போட்டுவிட்டுச் சோற்றுக் கரண்டியோடு அப்படியே விறைத்து நின்றாள். கை எழவில்லை. தவமலர் வந்தாள், கரண்டியை வாங்கினாள், லிங்கராஜின் இலையில் சோறு வைத்துப் பருப்பு ஊற்றினாள். அனுசியா உள்ளே போய் இன்னொரு இலையை எடுத்து வந்து பக்கத்தில் விரித்தாள். அதில் துஷ்யந்தனுக்குப் பரிமாறினாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவளுடைய ஆளுக்கு இவள், இவளுடைய பிள்ளைக்கு அவள். தன் கையால் தன் ஆளுக்குப் போட்டால் மனசு தாங்காது, அடுத்தவள் போட்டால் தாங்கும்.

இந்த வருஷம் புரட்டாசியில் சிவப்பிரகாஷ் கடைக்கு வந்தார். லிங்கராஜோடு அங்கே போய்த் திரும்பி வந்தவர், இப்போது முன்னாள் படைவீரர் சங்கத்தில் இருக்கிறார்.

"மைனி, டெல்லிலேருந்து மந்திரி வாரார். யாழ்ப்பாணச் சண்டைக்கு நினைவுநாள், நம்ம துறைமுகத்துப் பக்கத்து மைதானத்துல. செத்தவங்க பேரையெல்லாம் மேடையில சொல்லுதாவ. நீங்க வரணும்."

"இப்பதான் நெனப்பு வந்துச்சாக்கும் அவுகளுக்கு?" என்றாள் அனுசியா. குரல் அதட்டலாகத்தான் வந்தது, ஆனால் நிறுத்த பருப்பையே மறுபடி தட்டில் கொட்டி நிறுத்தாள்.

"என்ன நோக்கமோ இருந்துட்டுப் போவுது மைனி. நாங்க கப்பல்ல வந்து எறங்கினப்ப ஏன்னு கேக்க ஆளில்ல. அண்ணன் பேரை ஒரு தடவ மைக்குல கேட்டுட்டா எனக்குப் போதும்." சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் அனுசியா காப்பியை ஆற்றித் தவமலர் கையில் கொடுத்தாள். பிறகு கேட்டாள். "ஏளா, போவட்டுமா?"

தவமலர் டம்ளரைக் கீழே வைத்தாள். "போங்கோ அக்கா. செத்த மனுசன்ர பேரைச் சொல்லுறதில என்ன பிழை? நீங்கள் அழுறதுக்கும் ஒரு இடம் வேணும்தானே."

போனாள். வெளிர் நீலச் சேலை கட்டி, பெட்டிக்குள் கிடந்த யூனிபாரம் படத்தை மடியில் வைத்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். மந்திரி வருகிறார் என்றால் சும்மாவா! பந்தல், பேண்டு, ஆளுயரத் திரை, நாலு பக்கமும் கேமரா. லிங்கராஜின் பேரை ஊரோடு சேர்த்து, தகப்பன் பேரோடு சேர்த்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அனுசியா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷமும் அழாததை அன்றைக்கு அழுது தீர்த்தாள். அதோடு அந்த விழா முடிந்திருக்கலாம். பேரைச் சொல்லி, பூவைப் போட்டு, வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

ஆனால் பேர் சொல்லவா மந்திரி அத்தனை தூரம் வந்தார்? திரையில் யாழ்ப்பாணத்து வரைபடம் வந்தது. அதன்மேல் அம்புக்குறிகள் நாலா திசையிலிருந்தும் பாய்ந்தன. "எதிரியின் கோட்டையை வீடு வீடாக, தெருத் தெருவாக அடித்து நொறுக்கிக் கைப்பற்றினார்கள் நம் வீரர்கள்!" என்று மந்திரி பேச்சை ஒருவர் தமிழில் முழங்கினார். பேண்டு அடித்தது, மைதானம் எழுந்து நின்று கை தட்டியது. கூட்டத்தோடு கோவிந்தா என்று அனுசியாவும் எழுந்து தட்டினாள். மகராசி, என்ன சொன்னார்கள் என்று அவள் காதில் ஏறவே இல்லை. மனசெல்லாம் அந்தப் பேரிலேயே நின்றது.

சால்வையும் கேடயமுமாக ஆட்டோவில் வந்து இறங்கியபோது தவமலரின் கதவு சாத்தியிருந்தது. மறுநாள் வாசலில் இடியாப்பம் இல்லை. ஒரு வாரம் கழித்தும் தவமலர் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அனுசியாவுக்குப் பொறுமை ஏது?

"என்னளா மூஞ்சியத் தூக்கிட்டுத் திரியித? நீதான போன்னு சொன்ன?"

"போனது பிழையில்லை அக்கா. டிவியில பாத்தனான். நீங்கள் கை தட்டினனீங்கள்."

"எம் புருசன் பேருக்குத் தட்டுனேன்!"

"அவற்ற பேர் சொல்லேக்க நீங்கள் அழுதனீங்கள். வீடு வீடா அடிச்சுப் பிடிச்சதெண்டு சொல்லேக்கதான் தட்டினனீங்கள்."

அனுசியா நம்பவில்லை. சிவப்பிரகாஷ் போனில் அனுப்பியிருந்த விழா வீடியோவைக் கல்லாவில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள். தவமலர் சொன்னது சரிதான். திரையில் அம்பு பாய்கிறது, கீழே வெளிர் நீலச் சேலைக்காரி ஒருத்தி முகமெல்லாம் கண்ணீரும் சிரிப்புமாகக் கை தட்டுகிறாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள். யாரோ ஒருத்தி மாதிரி இருந்தது.

தீபாவளி போய் அமாவாசை வந்தது. அனுசியா விடிகாலையிலேயே சமைத்து இறக்கி, இரண்டு இலை விரித்துவிட்டுப் பின்கதவைத் தட்டினாள். "தவமலரு, நேரமாவுது. வா."

தவமலர் கதவைத் திறந்தாள். அவளும் குளித்து, ஈரத்தலையோடு நின்றாள். அறைக்குள் பிள்ளைக்குச் சின்னதாக ஒரு இலை போட்டு, தன் கையாலேயே சோறும் வைத்து முடித்திருந்தாள்.

"எனக்கு அப்ப ஒண்ணும் ஓடலடி. சத்தியமா. கூட்டத்துல எந்திச்சு நின்னுட்டேன்," என்றாள் அனுசியா. அவள் யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

"தெரியும் அக்கா. உங்களில எனக்குக் கோவமில்லை." தவமலர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு காலமும் அவர் செத்துப்போன மனுசன். என்ர பிள்ளையும் செத்தவன். ரெண்டு பேருக்கும் பசிக்குமெண்டு போட்டனான். இப்ப அவரை யாழ்ப்பாணத்தைச் சண்டையில வெண்டு பிடிச்ச ஆள் ஆக்கிப்போட்டினம். வெண்டவைக்கு என்ர கையால சோறு போட ஏலாது."

அனுசியா திரும்பி வந்தாள். துஷ்யந்தனுக்கு விரித்த இலையை எடுத்து மடித்து ஓரமாக வைத்தாள். லிங்கராஜின் இலைக்கு முன்னால் உட்கார்ந்து கரண்டியை எடுத்தாள். அவளுக்கு அவன்மேல் கோபம் வந்தது, ஏன் என்று தெரியவில்லை. தெருவில் மிச்சப் பட்டாசை யாரோ கொளுத்திக்கொண்டிருந்தார்கள். கடையில் ஆள் வந்து "யக்கா, யக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. உச்சிப்பொழுது தாண்டியும் லிங்கராஜின் இலையில் ஒரு பருக்கை விழவில்லை.