வெறும் தூக்குவாளி

தில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டுச் சமையலறைப் பரணில் என் கடைத் தூக்குவாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கேஸ் சிலிண்டர் மாற்ற ஒரு கை வேண்டும் என்று அந்த வீட்டு மாமி கூப்பிட்டிருந்தார். கணவர் சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர். மகனும் சர்க்கார் வேலையில் சேர்ந்துவிட்டதால் அந்தக் காலனியிலேயே இருந்தார்கள். சிலிண்டரை மாட்டிவிட்டு நிமிர்ந்தால் தலைக்கு மேலே என் சொத்து. மூடியில் கடைப்பெயர் வெட்டியிருந்ததால் சந்தேகத்துக்கே இடமில்லை.

“என்ன மாமி, நம்ம தூக்கெல்லாம் இங்க குடியேறியாச்சு போல?” என்றேன்.

மாமி முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை.

“உங்களோடதுதான், யார் இல்லேன்னா? வெறுமனே எப்படித் திருப்பித் தரது? தட்டை பண்ணி எல்லாத்துலயும் நாலு நாலு போட்டுத் தரலாம்னு வெச்சிருக்கேன். எண்ணெய்ச் சட்டி முன்னாடி நிக்க முழங்கால் ஒத்துழைக்க மாட்டேங்கறது.”

என் வியாபாரம் ஒரு முழங்காலில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் மனைவியும் அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தோம். அதற்கு முன் கரோல் பாக்கில் ஒரு கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து ரயில் பார்சலில் கிரைண்டர் வந்தது. மாவின் பதம் மனைவியின் பொறுப்பு, பேச்சு என் பொறுப்பு.

முதலில் எல்லாரையும் போலப் பாலிதீன் கவரில்தான் கொடுத்தோம். தில்லி மே மாதத்தில் புளிக்கிற மாவு கவருக்குள் அடங்கி இருக்குமா? வாடிக்கையாளர் பஸ்ஸில் போகும்போதே பந்து மாதிரி உப்பும். ஒருவர் ஆபீஸ் பைக்குள் வெடித்து, ஃபைலோடு மாவையும் மேலதிகாரி மேஜையில் வைக்க வேண்டியதாயிற்று. அதைக்கூடச் சிரித்துச் சமாளித்துவிட்டேன். சந்து முனையில் மாடு வளர்த்த பால்காரரைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஒருநாள் எச்சில் சொட்டும் ஒரு கவரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். மாட்டின் வாயிலிருந்து இழுத்தெடுத்தாராம். சத்தமே போடவில்லை. “பாய்சாப், உங்க பேர் போட்ட சாமானை என் மாடு தின்னா நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?” என்று இந்தியில் கேட்டார். கவரில் எங்கள் கடைப்பெயர் பளிச்சென்று சிவப்பில் இருந்தது. பெரிதாக அச்சடிக்கச் சொன்னது நான்தான்.

இனி கவரே கிடையாது என்று அவரிடம் வாக்குக் கொடுத்தேன். எவர்சில்வர் தூக்குவாளிகள் வாங்கினேன். மாவை வாளியில் கொடுப்போம், அடுத்த தடவை வரும்போது காலி வாளியைக் கொண்டுவருவார்கள், கழுவி மறுபடி நிரப்புவோம். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். இந்த மாதிரி வியாபாரத்துக்குச் சுழற்சிப் பொருளாதாரம் என்று பெயர் என்பதைப் பல வருஷம் கழித்து ஒரு கூட்டத்தில் தெரிந்துகொண்டேன். பேசியவர் பலகையில் ஓர் அம்புக்குறியை வட்டமாகப் போட்டார். அது கிளம்பிய இடத்துக்கே அழகாக வந்து சேர்ந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பலகையில் எல்லாம் திரும்பி வந்துவிடும். அந்த அம்புக்குறி லக்ஷ்மிபாய் நகர் வழியாகப் போயிருந்தால் தெரிந்திருக்கும்.

மாமி வீட்டுக் கதைதான் எல்லா வீட்டுக் கதையும் என்று விசாரித்தபோது புரிந்தது. விமானப்படையில் வேலை பார்த்த ஒருவரின் மனைவி, திருநெல்வேலிக்காரர், கடை வாசலிலேயே என்னை மடக்கினார். “சும்மா எப்படி அண்ணாச்சி குடுக்க? ஒரு கை முறுக்கு சுடணும்னுதான் பாத்துக்கிட்டே இருக்கேன், நேரம் வாய்க்க மாட்டேங்கு.” ஒருத்தர் வீட்டிலிருந்து பண்டத்தோடு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது யாரும் சொல்லித் தராமலே எல்லாருக்கும் தெரியும். நான் காசுக்கு விற்ற மாவு, சீர் இல்லை என்று எத்தனையோ தடவை சொன்னேன். அச்சா அச்சா என்று தலையை ஆட்டிவிட்டு, அடுத்த மாவுக்கு இன்னொரு வாளியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

டெபாசிட் கேட்டுப் பார்த்தேன். எங்களைத் திருடன் என்கிறாயா என்று ஒருவர் வாங்கிய மாவையே திருப்பி வைத்துவிட்டுப் போனார். சரி, நானே போய் வசூலிக்கிறேன் என்று சைக்கிளில் கிளம்பினேன். போன வீட்டிலெல்லாம் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். கிளம்பும்போது வாளியில் சர்க்கரையோ பழமோ ஊறுகாயோ போட்டுக் கையில் திணித்தார்கள். ஆவக்காய் இருந்த வாளியை எத்தனை தேய்த்தாலும் வாசனை போகுமா? கடுகு மணக்கும் மாவு என்று புகார் வந்தது. நான் வசூலித்துக்கொண்டு வந்த சர்க்கரையைப் பார்த்து, மாவு வாங்க வந்த ஒரு டாக்டர் என் ரத்தத்தையும் ஒருதடவை பார்த்துவிடலாம் என்றார்.

முனிர்காவில் அறை எடுத்துப் படித்த தமிழ்ப் பையன்கள்தான் விதிவிலக்கு. அவர்களுக்கு எந்தச் சங்கடமும் கிடையாது. வெறுமையாகவே தந்தார்கள். கழுவாமலும் தந்தார்கள். ஒரு வாளியில் சோப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, மக் உடைந்துவிட்டது, குளிக்க வைத்துக்கொண்டோம் என்றார்கள். அதையும் வாங்கிக் கழுவினேன். திரும்பி வந்ததே பெரிது என்ற நிலைமை.

பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம். காலி வாளியில் ஒரு பிடி அரிசி போட்டுத் தாருங்கள் போதும் என்று கடையில் எழுதி ஒட்டினேன். அவர்கள் சம்பிரதாயமும் கெடாது, அரிசியும் கிரைண்டருக்குப் போகும் என்று கணக்கு. வாளிகள் வரத்தான் செய்தன. ஒன்றில் பாஸ்மதி, ஒன்றில் கேரளத்துச் சிவப்பரிசி, ஒன்றில் ரேஷன் அரிசி, வண்டோடு. யாரோ கல்யாணத்தில் மிஞ்சிய மஞ்சள் அட்சதையைப் போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக ஊறப்போட்டு அரைத்தோம். இட்லி மஞ்சளாகக் கல் மாதிரி வந்தது. பக்கத்துக் கடைப் பஞ்சாபிக்காரர் ஒன்றைக் கடித்துவிட்டு, புதிதாகக் குஜராத்தி டோக்ளா போடுகிறீர்களா என்று அக்கறையாக விசாரித்தார். அன்று மாலை மனைவி அந்தக் காகிதத்தைச் சுவரிலிருந்து கிழித்தாள்.

கடை வாளிகள் தீர்ந்ததும் நான் வீட்டுப் பாத்திரங்களை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தேன். ஒருநாள் சாம்பார் வைக்கப் பாத்திரம் தேடினால் இல்லை. அவள் அப்பா கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது எந்த வீட்டுப் பரணில் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அவள் அடுப்பை அணைத்தாள்.

“சதர் பஜார் கவர்க்காரரை வரச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை வர்றாரு. அதுக்குள்ள தூக்கு திரும்பலைன்னா கவர்தான். இதுக்கு மேல என்னால ஆகாதுங்க.”

அவள் சொன்னதில் தப்பில்லை. மாவு அவள் உழைப்பு. வாளி இல்லாமல் பாதி மாவு விற்காமல் புளித்துக் கீழே போய்க்கொண்டிருந்தது. ஆனால் சந்து முனையில் பால்காரர் தினமும் என்னைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தார். கவரை நிறுத்திய மதராஸி என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தார். அந்த மாட்டை எந்த முகத்தோடு கடந்து போவேன்?

எரிச்சலில் சமையலறை அலமாரியைத் திறந்து எதையோ தேடினேன். உள்ளே எங்களுடையதல்லாத டப்பாக்கள், கிண்ணங்கள், பச்சை மூடி போட்ட ஒரு சம்புடம். வசூலுக்குப் போனபோது வாளி பற்றாமல் அவரவர் பாத்திரத்தில் போட்டுத் தந்த பண்டங்களின் மிச்சம்.

“இது யாருது?” என்றேன்.

“பச்சை மூடி மாமியுது. மத்தது அந்த ஏர்ஃபோர்ஸ்காரங்க வீட்டுது. குடுக்கணும். வெறுமனே எப்படிக் குடுக்கறது, ஏதாவது பண்ணணும்னு இருக்கேன்.”

ஊர் முழுக்கச் சைக்கிள் மிதித்தவனுக்கு எதிரி வீட்டுக்குள்ளேயே இருந்தாள். நாளைக்கே எல்லாவற்றையும் காலியாகக் கொண்டுபோய்க் கொடு என்று குரலை உயர்த்தினேன். அவளும் உயர்த்தினாள்.

“நம்ம பாத்திரம்னா வெறுமனே எடுத்துக்கிட்டு எங்க வேணா போவேன். பால் பூத்துக்குக் கேனைக் கொண்டுபோறப்ப அதுல சர்க்கரை போட்டுக்கிட்டா போறேன்? இது அடுத்தவங்க பாத்திரம்ங்க. அதை எப்படி?”

சண்டையை முடிக்கத்தான் அவள் அப்படிச் சொன்னாள். நான் அலமாரிக் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். அவர்கள் வாளியைத் தராததற்குக் காரணம் அது என்னுடையது என்பதுதான். அது அவர்களுடையதாகிவிட்டால் திருப்பித் தர வேண்டியதில்லை. மாவு வேண்டும்போது எடுத்துக்கொண்டு வந்தால் போதும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், உங்கள் வீட்டில் இருக்கிற தூக்கு இனி உங்களுடையது, மாவுக்கு அதைக் கொண்டுவாருங்கள் என்று சொன்னேன். சாமானையெல்லாம் தானம் பண்ணிவிட்டு எதை விற்கப் போகிறீர்கள் என்றாள் மனைவி. பரணில் இருக்கும்போது மட்டும் நம்முடையதா என்று நானும் பதிலுக்குச் சொன்னேன். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. மாமி வாசலில் நின்று யோசித்தார்.

“எங்களோடதுன்னு நீங்க வாயால சொல்றேள். மூடியில உங்க பேர்னா வெட்டியிருக்கு?”

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இதற்கும் ஒரு வழி செய்தாக வேண்டுமே. கரோல் பாக்கில் வாளி வாங்கிய பாத்திரக் கடையில் கர்ரென்று பெயர் வெட்டும் மெஷின் ஒன்று இருந்தது. கடைக்காரரிடம் கெஞ்சி ஞாயிற்றுக்கிழமைக்கு ஆளையும் மெஷினையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். தூக்கைக் கொண்டுவந்தால் உங்கள் பெயரை இலவசமாக வெட்டித் தருகிறோம் என்று காலனி முழுக்கச் சொல்லியனுப்பினேன்.

அன்று காலை நான் பார்த்த காட்சியை இப்போதும் நம்ப முடியவில்லை. பரணிலிருந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து, பால்கனித் துளசியின் பக்கத்திலிருந்து என் தூக்குவாளிகள் எல்லாம் இறங்கி வரிசையில் வந்தன. அத்தனையும் காலி. ஒன்றிலும் ஒரு சர்க்கரைத் துகள் இல்லை. கேட்டுக் கேட்டு, கெஞ்சிக் கெஞ்சி, சைக்கிள் மிதித்து மிதித்து வராதவை, வீட்டுக்காரர் பெயர் போட்டுக்கொள்ள ஓடி வந்தன. வெட்டுகிறவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் எல்லாருக்கும் இங்கிலீஷ் இனிஷியல். திருநெல்வேலி அம்மா மட்டும் பையன் பெயரைப் போடச் சொன்னார், நாளைக்கு அவன் பெண்டாட்டி சொந்தம் கொண்டாடக் கூடாதாம். மனைவியின் சாம்பார் பாத்திரமும் வந்தது. அதை மட்டும் அவள் வரிசையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். பெயர் வெட்டி முடிந்த வாளியிலெல்லாம் அங்கேயே மாவு ஊற்றினோம். மத்தியானத்துக்குள் மாவு தீர்ந்தது.

திங்கட்கிழமை கவர்க்காரர் சாம்பிள் சுருளோடு வந்தார். மனைவியே வாசலில் நின்று, நஹி சாஹியே பையா, கவர் வேண்டாம் என்று அனுப்பிவைத்தாள். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள், அது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு எரிச்சல் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். தூக்கை வீட்டில் வைத்துவிட்டுக் குக்கரோடு வந்தவர் உண்டு. ஐஸ்கிரீம் டப்பாவை நீட்டியவர் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அளவு பார்த்து ஊற்றுவதற்குள் வரிசை சந்து வரை போகும், ஜல்தி ஜல்தி என்று பின்னாலிருந்து குரல் வரும். ஆனால் கவர் மறுபடி வரவில்லை. மாமி வாரா வாரம் தன் தூக்கை வீசிக்கொண்டு வருவார். நம்மோடதுதானே என்று மூடியைத் தட்டிக் காட்டுவார்.

ஒருநாள் அவர் போன பிறகு அலமாரியைத் திறந்தேன். பச்சை மூடிச் சம்புடம் அங்கேயே இருந்தது.

“இதையும் மாமிகிட்டயே கேட்டு நம்ம பேர் வெட்டிக்கலாமா?” என்றேன்.

“அது வேற,” என்றாள் மனைவி. “அடுத்த வாரம் அதிரசம் பண்றேன்.”